தில்லியிலிருந்து வந்து வேலூரில் குடியேறுதல்

வடக்கிலிருந்து வருகிறவர்களைக் கண்டு வேலூர் வியப்பதில்லை. காட்பாடி சந்திப்பில் அன்றாடம் இறங்கும் கூட்டத்தில் மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஸ்கேன் படங்கள் அடங்கிய பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருப்பார்கள். கல்லூரி திறக்கும் பருவமானால் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சேர வரும் பிள்ளைகளும், அவர்களைவிடக் கலங்கிய முகத்தோடு அவர்களுடைய பெற்றோரும் இருப்பார்கள். 1900-ஆம் ஆண்டில் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையும், 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிப் பல்கலைக்கழகமாக வளர்ந்த வி.ஐ.டி.யும் இந்த ஊருக்கு வெளியாட்களை நன்றாகப் பழக்கிவிட்டன. இந்தியில் விலை சொல்லவும் நாள் வாடகைக்கு அறை கொடுக்கவும் இங்கே யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், வருகிறவர்கள் சில நாளிலோ சில ஆண்டிலோ திரும்பிப் போய்விடுவார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் அந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. பீரோ, கட்டில், மாமியாரின் பூஜை மண்டபம் உட்பட எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நிலையாகத் தங்க வந்த எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஊருக்குப் புரியச் சிறிது காலம் பிடித்தது.

நான் தில்லியிலேயே பிறந்தவள். கரோல் பாகில் வளர்ந்து, ஆர்.கே. புரம் மலை மந்திரில் கிருத்திகை பார்த்து, தமிழை வீட்டு மொழியாகவும் இந்தியைத் தெரு மொழியாகவும் வைத்துக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவள். கணவர் நொய்டாவில் தோல் காலணிகளைக் கொள்முதல் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் இருந்தார். அந்தத் தொடர்பிலேயே இராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை அமைந்தது. எனக்குக் கணக்கு எழுதும் வேலை. இணைய இணைப்பு இருக்கும் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். இராணிப்பேட்டையிலேயே குடியிருக்கலாமா என்று யோசித்தோம். மாமியாருக்கு மருத்துவர், மகனுக்குப் பள்ளி, தில்லிக்குப் போய்வர ரயில் நிலையம் என்று மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது வேலூர்தான் வந்தது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டதால் கணவர் இப்போது தினமும் ஒரு மாவட்டத்தில் தூங்கி இன்னொரு மாவட்டத்தில் வேலை செய்கிறார். எங்கள் தெருவிலுள்ள பெரியவர்கள் இந்தப் பிரிவினைகள் எதையும் பொருட்படுத்தாமல் அனைத்தையும் சேர்த்து வட ஆற்காடு என்றே சொல்கிறார்கள்.

புறப்படும் முன் உறவினர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். ஒன்று வெயில், அதற்குப் பிறகு வருகிறேன். மற்றொன்று, தில்லியிலேயே வளர்ந்த பையனும் இந்தித் தொடர்களிலேயே பொழுதைக் கழித்த மாமியாரும் பேச ஆளின்றித் தவித்துப்போவார்கள் என்பது. காந்தி ரோட்டில் ஒரு மாலை நடந்தாலே அந்தப் பயம் போய்விடும். மருத்துவமனைக்கு எதிரிலும் பக்கத்துச் சந்துகளிலும் விடுதிப் பலகைகள் தமிழுக்கு அடுத்தபடியாக வங்க எழுத்திலேயே இருக்கின்றன. சிறிய உணவகங்களில் கடுகெண்ணெய் மணக்க மீன் குழம்பும் சோறும் பரிமாறுகிறார்கள். மருந்துக் கடைப் பையன் முதலில் நம் முகத்தைப் பார்த்து, பிறகு மொழியைத் தேர்ந்தெடுக்கிறான். இது போதாதென்று ஊருக்குள் தலைமுறை தலைமுறையாகத் தக்கினி உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. சித்தூர் எல்லை அருகிலேயே இருப்பதால் தெலுங்கும் எங்கும் காதில் விழுகிறது. மாமியார் காய்கறி வண்டிக்காரரிடம் இந்தியில் பேரம் பேச, அவர் உருதுவில் மறுக்க, கடைசியில் இருவரும் தமிழில் விலை முடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழே பேசிப் பழகாத ஒரு வட இந்தியக் குடும்பம் தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றுக்கு வர நினைத்தால், மொழியின் பொருட்டு மட்டும் பார்த்தாலும் வேலூரைவிட எளிதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் வீடு பார்க்கும்போதுதான் தொடங்கியது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் வாடகை பேசும் பகுதி. அடுப்பு, பாத்திரம், கட்டில் எல்லாம் வைத்த ஒற்றை அறையை நோயாளியின் குடும்பத்துக்குக் கொடுப்பதில் கிடைக்கும் வருமானம், முழு வீட்டை மாத வாடகைக்கு விடுவதில் கிடைக்காது. ஆகவே அங்கே குடித்தனத்துக்கு வீடு தேடுவது வீண் அலைச்சல். காட்பாடிப் பக்கம் போனால் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்களில் வீட்டை அறை அறையாகப் பிரித்து மாணவர்களுக்கு விடுகிறார்கள். எங்கே போனாலும் எங்கள் பேச்சில் இருந்த தில்லி வாடையைக் கேட்டதும் வந்த கேள்வி ஒன்றுதான். ஒரு வீட்டுக்கார அம்மாள் கதவை முழுதாகத் திறக்காமலே, "ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களாம்மா? எத்தினி நாளிக்கி வோணும்?" என்று கேட்டார். குடித்தனம் இருக்கத்தான் வந்திருக்கிறோம் என்றதும், "அப்ப ஒடம்பு யாருக்கு?" என்று மாமியாரைப் பரிவோடு பார்த்தார். எழுபது வயதிலும் மாடிப்படி ஏறி இறங்கும் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை; அந்த வீடு அத்தோடு முடிந்தது.

கடைசியில் சத்துவாச்சாரியில் வீடு அமைந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பகுதி. வீட்டு வசதி வாரியம் மனை பிரித்த இடம் என்பதால் தெருக்கள் நேராக இருக்கின்றன, முகவரியைப் பேஸ் ஒன்று, பேஸ் இரண்டு என்றே சொல்கிறார்கள். அரசு ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் நிறைந்த இடமாதலால் குடித்தனம் என்பதன் பொருள் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காட்பாடி காந்தி நகர் அமைதியான பகுதிதான், ரயிலடியும் பக்கம். ஆனால் காலையிலும் மாலையிலும் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் வரவேண்டியிருப்பதை எண்ணிப் பின்வாங்கினோம். தொரப்பாடியும் பாகாயமும் மருத்துவக் கல்லூரியில் வேலை செய்கிறவர்களுக்கு ஏற்றவை. இராணிப்பேட்டைக்குப் போகிறவருக்குச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சத்துவாச்சாரிதான் வசதி. கிரீன் சர்க்கிளின் நெரிசலில் சிக்காமலே அவர் கிழக்கே போய்விடலாம்.

முன்பணத்தைப் பற்றித் தில்லிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தில்லியில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகியவர்களிடம் இங்கே பத்து மாத வாடகையை அட்வான்ஸ் என்று கேட்டால் தலை சுற்றும். 2017-இல் இயற்றப்பட்டு 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. சட்டத்தைச் சொல்லி வாதாடினால் வீடு கிடைக்காது, சொல்லாமல் இருந்தால் பணம் முடங்கும். நாங்கள் பேசிப் பேசி ஐந்து மாதத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவைக் கழித்துக்கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. போகியம் என்ற முறையும் இங்கே நிறையப் புழங்குகிறது. ஒரு பெருந்தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையே தராமல் ஒப்பந்தக் காலம் முழுவதும் குடியிருந்து, போகும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுவது. கேட்க இனிப்பாக இருக்கும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் அதில் இறங்குவது சூதாட்டம் என்பது என் கருத்து. கணவருக்கு இதில் இன்னும் மாற்றுக் கருத்து உண்டு.

வீட்டுக்குள் வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் தண்ணீர். சமையலறையில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் மாநகராட்சித் தண்ணீர், மற்றொன்றில் போர் தண்ணீர். மாநகராட்சித் தண்ணீர் நாள் விட்டு நாளோ அதற்கும் இடைவெளி விட்டோ வருகிறது; மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய் வழியாக வரும் காவிரியும் அதில் உண்டு. அது வரும் நேரத்தைத் தெருவில் யாராவது ஒருவர் அடுத்தவருக்குக் குரல் கொடுத்துச் சொல்வார். கைப்பேசியில் செய்தி வரும் என்று காத்திருந்தால் தொட்டி காலியாகவே கிடக்கும். போர் தண்ணீர் உப்பு. ஒரு வாரம் அதில் குளித்தாலே முடி முரடாகிறது. எவர்சில்வர் வாளியின் உட்புறத்தில் வெள்ளைக் காரை வட்டம் வட்டமாகப் படிகிறது. தில்லியில் பல ஆண்டுகள் உழைத்த எங்கள் கெய்சரின் சுருள் இங்கே வந்து சீக்கிரமே காரை கட்டிச் செத்தது. பழுது பார்த்தவர் அதைத் தட்டி உதிர்த்தபோது தரையில் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு விழுந்தது. குடிப்பதற்குப் பெரும்பாலான வீடுகளில் 20 லிட்டர் கேன் தண்ணீர்தான்.

பாலாற்றங்கரை ஊரில் ஏன் இந்த நிலை என்று கேட்டால், கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து வரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவும் கருவேலமாகவும்தான் காட்சி தருகிறது. 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதை ஊரார் இன்றும் திருவிழாவைப் போலவும் துயரத்தைப் போலவும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரில் கலந்த கதை தனி. அதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்புதான், மாசுபடுத்துகிறவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. அந்தத் தீர்ப்பு வெளியான நகரத்திலேயே பிறந்து வளர்ந்தும், அது எந்த ஆற்றைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சோறு தோல் தொழிலிலிருந்துதான் வருகிறது என்பதால் இதைப் பற்றி நான் உயர்ந்த இடத்தில் நின்று பேச முடியாது. ஆனால் இங்கே குடியிருக்கப் போகிறவர்கள், வீட்டின் வாடகையைக் கேட்கும் முன் அதன் போர் தண்ணீரை ஒரு வாய் வைத்துச் சுவைத்துப் பார்ப்பது அவசியம் என்று சொல்வேன். மூன்று நாள் தங்குகிற விருந்தாளிக்கு இது தெரியவே தெரியாது.

இனி வெயில். ஊர்ப் பெயரையே வெயிலூர் என்று மாற்றிக் கேலி செய்வது வேலூர்க்காரர்களின் நெடுநாள் பழக்கம். தில்லியின் மே மாத அனல் காற்றில் வளர்ந்தவளுக்கு 42 டிகிரி புதிதில்லை என்று இறுமாந்திருந்தேன். வெப்பமானியில் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன. உடம்பு அதை வேறு விதமாக உணர்கிறது. தில்லியின் கோடைக் காற்று வறண்டது. ஜன்னலில் கூலரை மாட்டி வெட்டிவேர்த் தட்டியை நனைத்துவிட்டால் வீடு குளிர்ந்துவிடும். இங்கே காற்றில் ஈரம் சற்று கூடுதல் என்பதால் அந்தக் கூலர் விசிறியாக மட்டுமே வேலை செய்தது. சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவில் திருப்பித் தருகின்றன. மேல் தளத்து வீடு என்றால் நள்ளிரவிலும் சுவர் சுடும். எனவே மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டை எவ்வளவு வாடகை குறைத்தாலும் எடுக்க வேண்டாம். கத்திரி வெயில் நாள்களில் எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கே கதவுகள் சாத்தப்பட்டுவிடும். மாலை ஐந்துக்குப் பிறகுதான் மனிதர்கள் மீண்டும் தென்படுவார்கள். ஜூலை தொடங்கிச் சில மாலைகளில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும் மழை அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் கூலி.

குளிர்சாதனம் வைத்தால் மின் கட்டணத்தையும் புதிதாகப் படிக்க வேண்டும். தில்லியில் மாதந்தோறும் 200 யூனிட் வரை கட்டணமே இல்லை. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட்டைத் தள்ளுபடி செய்கிறார்கள். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளுக்கும் கூடுதல் விலை போட்டுவிடுவார்கள் என்பதால், 490-இலும் 510-இலும் வரும் ரசீதுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு இருபது யூனிட்டுக்குரியதாக இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் கணவர் மீட்டரைப் பார்க்கும் பார்வை, மாமியார் பஞ்சாங்கம் பார்க்கும் பார்வைக்குக் குறைந்ததன்று. இதற்கெல்லாம் ஈடாக நவம்பர் இருக்கிறது. தில்லியில் மூச்சுத் திணறலுக்கு அஞ்சிப் பள்ளிகளை மூடும் அதே வாரங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்து காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கிறது. மகனின் இன்ஹேலர் அலமாரியின் பின்புறத்துக்குப் போய்விட்டது. ரஜாய் எனும் பஞ்சுப் போர்வைகளை இராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கான்பூர்க்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது எடுத்துச் சென்றார்.

மகனின் பள்ளிதான் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. வெளி மாநிலத்திலிருந்து நடுவில் வரும் பிள்ளைகளுக்கு எப்படி என்று பள்ளிக்குப் பள்ளி விதவிதமாகச் சொன்னார்கள். எட்டாம் வகுப்பில் சேர வந்தவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து பாதிதான் தெரியும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது, எங்கள் வீட்டுக்கு அவை தூரமாக இருந்தன. விதிவிலக்குக் கேட்டு அலைவதைவிடக் கற்பதே நல்லது என்று ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் விட்டோம். அந்த ஐயா பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மாலையில் பையனைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப்போய் ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு, குடியாத்தம், திருவண்ணாமலை என்று வண்டிகளின் பலகைகளை, வண்டி கிளம்புவதற்குள் படிக்கச் சொன்னார். பேரணாம்பட்டில் உள்ள ணாவும் ஒடுகத்தூரில் உள்ள தூவும் பையனுக்கு அங்கேதான் பிடிபட்டன. கூடவே மாவட்டத்தின் புவியியலும் வந்துவிட்டது. விருந்தாளிப் பிள்ளையாக இருந்த அவனுக்கு இப்போது எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

வண்டி என்றதும் எங்கள் காரைச் சொல்ல வேண்டும். டி.எல். என்று தொடங்கும் பதிவெண் இருந்தவரை ஊருக்குள் எங்கே நிறுத்தினாலும், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வழி இந்தப் பக்கம் என்று யாராவது உதவிக்கு வருவார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓடும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது விதி. தில்லியில் தடையின்மைச் சான்று வாங்கி, வண்டியின் வயதுக்கேற்ற வரியை இங்கே கட்டி, அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; வரி கட்டுவது ஒரே நாளில் முடிந்தது, திரும்பப் பெறுவது இன்னும் முடியவில்லை. டி.என். 23 பலகையை மாட்டிய பிறகு வழி சொல்ல யாரும் வருவதில்லை. மெட்ரோவுக்கு ஈடாக இங்கே ஷேர் ஆட்டோவும் நகரப் பேருந்தும்தான். பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லை என்பது இரண்டு ஊருக்கும் பொது.

சாப்பாட்டில் இழப்பும் உண்டு, வரவும் உண்டு. குளிர்காலத்துச் சிவப்பு கேரட், பதுவா கீரை, தெருமுனைச் சாட் ஆகியவை போயின. வந்தது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். காம்பில் முள்ளிருக்கும் அந்தக் காயை நேதாஜி மார்க்கெட்டில் பொறுக்கும்போது விரலில் குத்தும், 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்ப் பச்சடியை அதில் செய்தால்தான் ஒழுங்காக வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். மரக்கறிக்காரியான என் மாமியார் பிரியாணியை விட்டுவிட்டு அந்தத் தொக்கை மட்டும் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்.

கோட்டைக்கு முதலில் சுற்றுலாப் பயணிகளாகத்தான் போனோம். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் இது, ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் நின்றிருந்த வழிபாடு 1981-இல்தான் மீண்டும் தொடங்கியது என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டு, அகழியோரம் படம் பிடித்துக்கொண்டு நடந்தோம். இப்போது காலை நடைக்குப் போகிறோம். யாரும் எதையும் விளக்குவதில்லை, மாமியார் மட்டும் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இப்போது வேறொரு வேலை சேர்ந்திருக்கிறது. தில்லியிலும் நொய்டாவிலும் உள்ள உறவினர், பழைய அண்டை வீட்டார், கணவரின் முன்னாள் சகாக்கள் என்று பலருக்கும் நாங்கள் வேலூரில் இருப்பது நினைவுக்கு வருவது மருத்துவ அறிக்கை கையில் வந்த பிறகுதான். அழைக்கிற எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருக்கிறேன். முதலில் மருத்துவமனையின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்து எந்தத் துறை, எந்தத் தேதி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் யாரும் பணம் வாங்கிக்கொண்டு நாள் வாங்கித் தருகிறேன் என்றால் கேட்காதீர்கள். தேதி கிடைத்த பிறகு கேரளா எக்ஸ்பிரஸில் இடம் போடுங்கள். இரண்டு இரவுப் பயணம், இறங்க வேண்டியது காட்பாடி. பழைய ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் விடாமல் கொண்டுவாருங்கள். முதல் நாள் பார்த்துவிட்டுப் பரிசோதனைகளை எழுதித் தருவார்கள், அவற்றின் முடிவு வந்து இரண்டாம் முறை மருத்துவரைப் பார்க்க எத்தனை நாளாகும் என்று அப்போதுதான் தெரியும். ஆகவே திரும்பும் டிக்கெட்டை இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, ஆனால் மே மாதமென்றால் அது மேற்குப் பார்த்த அறை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.